வேப்பமுத்தும் காய்ப்புழுவும்: மேலப்பாளையத் தோட்டங்களில் ஒரு களப்பார்வை

தாமிரபரணியிலிருந்து பிரிந்துவரும் பாளையங்கால்வாயின் நீரை நம்பியிருக்கும் மேலப்பாளையச் சுற்றுவட்டாரத்தில் நெல்லும் வாழையுமே பெருவாரியான பயிர்களாயினும், இடையிடையே கத்தரியும் வெண்டையும் இடப்படும் தோட்டங்களில் உழவரை ஓயாது அலைக்கழிப்பது காய்ப்புழுவே ஆகும். முட்டையிலிருந்து வெளிவந்ததும் குருத்தையோ காயையோ குடைந்து புகுந்துவிடும் இப்புழுவை அதன்பின் எந்தத் தெளிப்பும் எளிதில் எட்டாது என்பதால், வாடித் தொங்கும் குருத்துகளைக் கிள்ளி அழித்துவிட்டு, முட்டை பொரியும் தறுவாயில் வேப்பம்பருப்புக் கரைசலைத் தெளிப்பதே இயற்கைவழி உழவர் கைக்கொள்ளும் முறையாகும்.

ஓடு நீக்கிய வேப்பம்பருப்பு 5 கிலோவை இடித்துத் துணியில் மூட்டையாகக் கட்டி, ஓர் இரவு சிறிதளவு நீரில் ஊறவைத்து, பால் நிறச் சாறு வடியும்வரை பிழிந்து 100 லிட்டராகப் பெருக்கிக்கொள்வதே நூல்கள் கூறும் 5 விழுக்காட்டுக் கரைசல். இலையில் படிந்து ஒட்டுவதற்காகக் காதி சோப்பு கலக்கப்படுகிறது. இந்த அளவுக் குறிப்பில் இடம்பெறாத உழைப்பே பெரிது. ஆனி, ஆடி மாதங்களில் பழுத்து உதிரும் வேப்பமுத்தை மரத்தடிகளில் குனிந்து பொறுக்குவோர், பெரும்பாலும் பெண்கள், சதையைக் கசக்கிக் கழுவி நிழலில் உலர்த்துகின்றனர். ஈரம் தங்கினால் பூஞ்சணம் படரும். கடும் வெயிலில் காய்ந்தாலோ, பருப்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் வேதிப்பொருள் சிதையும். மூன்று மாதங்களுக்குக் குறையாமலும் பத்து மாதங்களுக்கு மேற்படாமலும் இருப்பில் வைத்த முத்தே ஏற்றது என்பதால், கார்த்திகையில் தெளிக்கும் மருந்தின் வீரியம் ஆடியிலேயே அப்பெண்களின் கைகளில் தீர்மானமாகிவிடுகிறது. எடையை மட்டும் பார்த்து வாங்கும் வணிகம் இந்தக் கவனத்துக்கு விலை வைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

அசாடிராக்டின் புழுவை உடனே கொல்வதில்லை. உண்ணும் நாட்டத்தைக் குறைத்து, தோலுரிப்புக்குரிய ஹார்மோனின் செயலைக் குலைத்து, அடுத்த வளர்நிலைக்குச் செல்லவிடாமல் தடுக்கிறது. தெளித்த மறுநாளே புழு உதிராததைக் கண்டு மருந்தைக் குறை கூறுவது இதனை அறியாமையால் நேர்வதாகும். வெயிலில் விரைந்து சிதைவதால் மாலையில் தெளிப்பதே தக்கது. சென்னை இலயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தில் வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் சேர்த்து உருவாக்கப்பட்ட 'பொன்னீம்', பச்சைக் காய்ப்புழுவுக்கும் புரோடீனியா புழுவுக்கும் எதிராக ஆராயப்பட்டுள்ளது.

ஆடுமாடு தீண்டாத தழைகளே பூச்சிவிரட்டிக்கு ஏற்றவை என்னும் வழக்கு ஆடாதோடைக்கும் நொச்சிக்கும் பொருந்தும். ஆனால் வேப்பந்தழையை ஆடுகள் விரும்பித் தின்பதை மேலப்பாளையம் சந்தைக்கு ஆடு கொண்டுவருவோர் நன்கறிவர். அதுபோல், தாவரத்திலிருந்து வருவதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. பீடி சுற்றும் தொழில் நிலைத்துள்ள இவ்வூரில் புகையிலைக் கழிவு எளிதில் கிடைப்பினும், அதை ஊறவைத்து வடிக்கும் கஷாயத்திலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் உடலில் ஏறும் கொடிய நஞ்சு ஆகும். நாள் முழுதும் புகையிலைத்தூளைக் கையாளும் பெண்களின் வீட்டுத் தோட்டத்துக் கத்தரியிலும் அந்நஞ்சைத் தெளிப்பது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.