உயரம் ஒன்று, சொல் இரண்டு

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக் கல்லூரிக்குப் பேருந்தில் வரும் எங்களுக்கு மலையும் உயரம். 217 அடி இராஜகோபுரமும் உயரம். கடைசி வரிசை நண்பனும் உயரம். தமிழில் ஒரே சொல் போதும். ஆங்கிலமோ அகன்று ஓங்கிய மலையை 'ஹை' என்றும், ஒடுங்கி நிமிர்ந்த கோபுரத்தையும் மனிதனையும் 'டால்' என்றும் பிரிக்கிறது. ஆளை 'ஹை' என்றால் போதையில் இருப்பவன் என்று பொருளாகிவிடும்!

நேர்முகத் தேர்வொன்றில் அந்நண்பன் தன்னை அப்படிச் சொல்ல, எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஊமையாய்த் திரும்பினான். அவன் மனனம் செய்திருந்த பொருள் சரியே. அச்சொல் எப்பெயரோடு சேரும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே நண்பர்களே, பெயரடையைப் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே படிப்போம். ஆசிரியப் பெருமக்களே, சிரிக்காமல் திருத்துங்கள். கிராமத்துப் பிள்ளைகள் நாங்கள் வாய் திறப்போம்.