அவள் செய்த முகம்

என் தங்கையின் முகத்தை நான் அழித்தேன். முதலில் போட்டோவில். பிறகு ஒரு வீடியோ கேமில். போட்டோவில் அழித்ததைக்கூட ஊர் வழக்கம் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேசலாம். கேமில் அழித்ததற்கு அப்படிப் பேச ஆள் கிடையாது. நானும் பேசப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தீர்ப்பைப் படிப்பவர்கள் சொல்லட்டும்.

எங்கள் ஊர் ஜீயபுரம். திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில், காவிரியின் தென்கரையில், முக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. எந்த பேனராக இருந்தாலும் அதில் ஒரு முகம் இருக்கும். அந்த முகத்தை வெளுப்பது என் வேலை. "கொஞ்சம் கலர் ஏத்திப் போடுங்க தம்பி" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்காதவர்களுக்கும் ஏற்றிவிடுவேன். செத்துப்போன பெரியவர்களுக்கும் ஏற்றியிருக்கிறேன். என் நிறம் கறுப்பு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கை பதினொன்றாவது படிக்கும்போது அவள் உதட்டோரத்தில் முதல் வெண்புள்ளி வந்தது. பிறகு விரல் நுனிகள். பிறகு இமை. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது அது. தொட்டால் ஒட்டாது. குஷ்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உலகத்தில் நூறு பேரில் ஒருவர் வரைக்கும் இருக்கிறது. டாக்டர் இதையெல்லாம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எல்லாம் தெரிந்தும் கூசினேன். அவள் படித்து முடித்து திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தாள். இருவருக்கும் காலையில் ஒரே திசை, கிட்டத்தட்ட ஒரே நேரம். நான் பைக்கில் போவேன். அவள் பஸ்ஸில் வருவாள். பின்னால் உட்காரச் சொல்லி ஒரு நாள்கூட நான் கூப்பிட்டதில்லை. கடை வாசலில் யாராவது அவளைப் பார்த்து "தங்கச்சிக்குக் கையில என்ன?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். பயம் அவளுக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்தது எனக்காக.

கடை வேலையை வீட்டிலும் பார்ப்பதற்காக நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கூடத்தில் வைத்திருந்தேன். ராத்திரியில் அதில் கேம் ஆடுவேன். வாளும் மந்திரமும் டிராகனும் வரும் ஆர்பிஜி கேம்கள்தான் எனக்குப் பிடிக்கும். அவற்றில் கதை தொடங்குவதற்கு முன்னால் நமக்கான ஆளை நாமே செய்ய வேண்டும். இனம், நிறம், மூக்கு, தாடை, தலைமுடி, தழும்பு என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம். 2011-இல் வந்த 'ஸ்கைரிம்'மில் பத்து இனங்கள் உண்டு. கறுத்த தோல் கொண்ட ரெட்கார்ட் என்ற இனமும் அதில் ஒன்று. நான் அதைத் தொட்டதே இல்லை. வெள்ளைத் தோலும் பழுப்பு முடியும் கொண்ட நார்ட்தான் எப்போதும் என் ஆள். கடையில் ஊரார் முகத்துக்குச் செய்ததை வீட்டில் எனக்கு நானே செய்துகொண்டேன்.

இதில் நான் மட்டும் இல்லை. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3'-ஐ 2020 அக்டோபரில் பாதி நிலையில் வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் எப்படிப்பட்ட ஆளை அதிகம் செய்கிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தது. கொம்பும் வாலும் பேய்க்கண்ணும் கொடுத்திருந்தும், பெரும்பாலோரின் தேர்வுகளைச் சேர்த்தால் கிடைத்தது எந்தப் பெட்டிக்கடைப் போஸ்டரிலும் இருக்கும் ஒரு சாதாரண வெள்ளைக்காரன் முகம். நிறுவனமே அதைச் சொல்லி வருத்தப்பட்டது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. கூட்டத்தோடு தப்பு செய்கிறவனுக்கு வரும் ஆறுதல் அது.

அந்த கேம் 2023 ஆகஸ்டில் முழுதாக வந்தது. அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதையும் வாங்கியது. நான் ஆடி முடித்தபின், 2024 பொங்கல் விடுமுறையில் தங்கை ஆட உட்கார்ந்தாள். அவள் அதுவரை கேம் ஆடியவள் இல்லை. எல்ஃப் பார்த்தாள், கொம்பு வைத்த டீஃப்ளிங் பார்த்தாள், செதில் போட்ட டிராகன்பார்ன் பார்த்தாள். மனித இனத்துக்கே திரும்பி வந்தாள். மாநிறத்தைத் தேர்ந்தாள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனி நிறம் கொடுக்கலாம், முகத்தில் மச்சப்பொட்டுகள் தூவலாம், தழும்பு போடலாம். அப்படியே கீழே போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள்.

"அண்ணா, இங்க பாரு. இருக்கு."

வெண்புள்ளி. தேர்வுகளின் வரிசையில் அதுவும் ஒன்றாக இருந்தது. அழுத்தினாள். திரையில் இருந்த பெண்ணின் முகத்தில் திட்டுத்திட்டாக வெள்ளை படர்ந்தது. தங்கையின் புள்ளிகள் இருக்கும் இடமும் அந்தப் பெண்ணின் புள்ளிகள் இருக்கும் இடமும் ஒன்றல்ல. ஆனாலும் அவள் வலது கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தாள். மானிட்டர் வெளிச்சம் விரல் நுனியில் பட்டது. ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தாள். முகத்தில் அழுகை இல்லை. கடையில் அளவு சரியாக இருக்கும் செருப்பைப் போட்டுப் பார்க்கிறவளின் திருப்தி இருந்தது.

அதோடு முடியவில்லை. உன் கனவில் வருபவர் யார் என்று அந்த கேம் இன்னொரு முகமும் கேட்கும். கனவில் வந்து வழிகாட்டும் காவலரின் முகம் அது. அவள் கறுத்த நிறம் கொடுத்தாள். மீசை வைத்தாள். "உன்னத்தான் போட்டேன்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. கதையில் பிற்பாடு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காவலரின் முகம் நிஜமில்லை. தன் உண்மை உருவத்தை மறைக்க ஒருவன் போட்டுக்கொண்ட வேஷம். அவள் அந்தக் கட்டம்வரை போகவே இல்லை. நான் போகவிடவில்லை.

மாசியில் ஒரு வரன் வந்தது. தரகர் போட்டோ கேட்டார். தோழியின் கல்யாணத்தில் எடுத்த படத்தைத் தங்கை எனக்கு அனுப்பினாள். கன்னத்தில் கை வைத்துச் சிரிக்கும் படம். உதடும் விரல்களும் தெளிவாகத் தெரியும். "இதையே அனுப்புண்ணா. பார்த்துட்டு வர்றவங்க வரட்டும்" என்றாள். நான் அதை போட்டோஷாப்பில் திறந்தேன். ஹீலிங் பிரஷ்ஷுக்குப் பக்கத்துத் தோலைக் காட்டினால் போதும், புள்ளியை அதே தோலால் மூடிவிடும். விரல் விரலாக மூடினேன். கடைசியில் உதடு. அவளிடம் சொல்லாமல் தரகருக்கு அனுப்பினேன். பெண் பார்க்க வந்தால் நேரில் தெரிந்துவிடுமே என்று யோசிக்காமல் இல்லை. வீட்டுக்குள் வந்துவிட்டால், பேசிப் பழகிவிட்டால், பெரிதாக நினைக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

பங்குனித் திருவிழாவில் ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் ஜீயபுரம் வருவார். அன்றைக்கே வருகிறோம், பெருமாளையும் சேவித்த மாதிரி ஆகும் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். தரகர் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். மாப்பிள்ளையின் தம்பி ராத்திரி பகல் பார்க்காமல் கேம் ஆடுகிறவனாம்.

அந்த ஒரு சொல் எனக்குள் புகுந்துகொண்டது. கூடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. பையன் பார்ப்பான். என்ன கேம் என்று கேட்பான். திறப்பான். புள்ளிகளோடு அந்த முகம் வரும். இது யார் செய்தது என்று கேட்பான். இப்போது எழுதும்போது என்னாலேயே நம்ப முடியவில்லை, ஆனால் அந்த ராத்திரி இது எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கியபின் அவளுடைய ஆட்டத்தைத் திறந்தேன்.

அந்த கேமில் முகாமுக்குள் ஒரு மாயக் கண்ணாடி உண்டு. 2023 செப்டம்பரில் சேர்த்தார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே அதன் முன்னால் நின்று தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் கேட்டுக் கேட்டு வந்த வசதி அது. அந்தப் பெண்ணை அதன் முன்னால் நிறுத்தினேன். அவள் அசைந்தாள், மூச்சு விட்டாள், நேராகப் பார்த்தாள். வெண்புள்ளித் தேர்வுக்குப் போனேன். ஒரு க்ளிக். முகம் ஒரே நிறமாகிவிட்டது. போட்டோவுக்கு அரை மணி நேரம் ஆகியிருந்தது. இதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆட்டத்தில் சேமித்துவைத்த பழைய சேவ்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் இருந்தது. அவற்றில் பழைய முகம் தெரிந்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் அழித்தேன். தடயத்தை அழிக்கிறவன் மாதிரி அழித்தேன். பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். நிம்மதியாகத் தூங்கியதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் ஊருக்குப் பெருமாள் வருவதற்கு ஒரு கதை சொல்வார்கள். முகம் மழித்துக்கொள்ள ஆற்றங்கரைக்குப் போன ரங்கன் என்ற பேரன் வெள்ளத்தில் அகப்பட்டுக்கொண்டான். பாட்டி கதறினாள். அந்தப் பேரனின் முகத்தோடு பெருமாளே வந்து அவள் வைத்த பழையசோற்றையும் மாவடுவையும் சாப்பிட்டார். பிறகு நிஜப் பேரனும் வந்து சேர்ந்தான். இன்றும் பெருமாளுக்கு அந்த நாளில் பழையசோறும் மாவடுவும் படைக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. அவர் முகத்தை மாற்றிக்கொண்டது அழுகிற கிழவிக்காக. நான் மாற்றியது என் கூச்சத்துக்காக.

வந்தார்கள். தங்கை காபி கொண்டுவந்தாள். டம்ளர் பிடித்த விரல்களைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்: "போட்டோல கை வேற மாதிரி இருந்துச்சே?"

"வெளிச்சம் அப்படிங்க" என்றேன் நான்.

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். "வெளிச்சம் இல்லைங்க. போட்டோல அழிச்சிருக்கு." குரலில் நடுக்கமே இல்லை. யார் அழித்தது என்று சொல்லவில்லை. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். அந்தத் தம்பிக்காரன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே தரகர் போன் செய்தார். "புள்ளிக்காக வேணாங்கல தம்பி. மறைச்சதுக்காகத்தான் வேணாங்கிறாங்க." அது உண்மையா, நயமாகச் சொன்ன சாக்கா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அப்படிச் சொல்ல அவர்களுக்கு வழி அமைத்துக் கொடுத்தது நான்.

இதைவிட மோசமானது அதற்குப் பிறகு நடந்தது. அம்மா தங்கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குடி அழிச்ச போட்டோவைக் குடுத்த? மறைச்சா மறைஞ்சுடுமா? இப்ப ஊரெல்லாம் பேச்சு" என்று மாறிமாறிச் சொன்னார். தங்கைதான் என்னிடம் சொல்லி அழிக்கவைத்திருப்பாள் என்று அவராகவே முடிவுசெய்துகொண்டார். நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. தங்கை ஒரு முறை என்னைப் பார்த்தாள். நான் செல்போனைப் பார்த்தேன்.

ராத்திரி அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். ஆட்டம் திறந்தது. நான் உள்ளறையில் படுத்திருந்தேன். கீபோர்டு சத்தமோ மவுஸ் சத்தமோ கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவருகே வந்து நின்றாள்.

"கேம்லயும் அழிச்சியா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு, "ஒரு க்ளிக்தான் பாப்பா, திரும்பப் போட்டுடலாம்" என்றேன். அதைவிட வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை.

"வேணாம். நீ அதைத் தொடாத" என்றாள். அதன் பிறகு அவள் அந்த கேமைத் திறக்கவில்லை. புள்ளிகளோடு இருக்க அவளுக்கு யாரும் அனுமதி கொடுத்ததில்லை. அந்த ஒரு இடத்தில் அவளே தேர்ந்து, அவளே அழுத்தி, ஆசையாக அப்படி இருந்தாள். அந்த ஆசைக்குள் புகுந்து அவள் அண்ணன் அதைத் துடைத்துவிட்டான். அவளைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் எல்லாரும் வெளியாட்கள் என்றுதான் அதுவரை அவள் நம்பியிருக்க வேண்டும்.

இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள், விடுதியில் இருக்கிறாள். அம்மாவோடு தினமும் பேசுவாள். என்னிடம் "சாப்பிட்டியா" என்பாள், நான் "ம்" என்பேன். அவ்வளவுதான். கடையில் நான் இன்னும் கலர் ஏற்றுகிறேன். கேட்டால் மட்டும் ஏற்றுகிறேன் என்பது பெரிய மாற்றம் ஒன்றுமில்லை.

இதை எழுத உட்காரும் முன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவள அவ்வளவு பேசினேனேடா" என்றார். என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் அவளுக்குப் போன் செய்தார்.

பிறகு நான் தரகரைக் கூப்பிட்டேன். அந்தப் போட்டோவை அழித்துவிடுங்கள், அசல் படம் தருகிறேன் என்றேன். "அது எத்தனை க்ரூப்புக்குப் போயிருக்குன்னு எனக்கே தெரியாது தம்பி" என்றார்.