நோயும் காரணமும்

அரபு இலக்கணத்தில் அலிஃப், வாவ், யா என்னும் மூன்றும் ‘இல்லத்’ உடைய எழுத்துக்கள் எனப்படும். ஒரு சொல்லில் அவை வெளிப்பட நிற்கும், வேறொன்றில் உருமாறும், பிறிதொன்றில் இருந்த இடம் தெரியாமல் மறையும். ‘இல்லத்’ என்பதற்கு நோய் என்றும் பொருளுண்டு. காரணம் என்றும் பொருளுண்டு. இதனைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வந்த நமக்கு, நோய் ஓரிடத்திலும் காரணம் வேறிடத்திலும் இருத்தல் கூடும் என்பதைக் கற்பித்தது ஒரு பழைய கார்.

1980களில் வெளிவந்த அக்கார் மாமனார் வழியாக நமக்கு வந்தது. 2018ஆம் ஆண்டில் அதற்கு ஒரு பிணி கண்டது. மேலப்பாளையத்திலிருந்து தென்காசிக்குப் புறப்பட்டால் ஆலங்குளத்தை நெருங்கும்வரை நன்றாக ஓடும். பின்னர் இருமும், குலுங்கும், நின்றுவிடும். கால்மணி நேரம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். பட்டறையில் விட்டாலோ நாள் முழுதும் நலமாகவே இருக்கும். நம்மிடம் சிறுவயதில் ஓதியவரே அப்பட்டறையை நடத்தி வந்தார். பிளக்குகளை மாற்றினார்; பாயிண்டையும் கண்டன்சரையும் மாற்றினார்; பெட்ரோல் வடிகட்டியையும் மாற்றினார். பிணி தீரவில்லை.

ஒருநாள் தென்காசியில் உறவினர் ஒருவரின் ஜனாஸாத் தொழுகைக்குச் செல்கையில் கார் வழியில் நின்றது. நாம் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அத்துயரத்தோடு பட்டறைக்குச் சென்று, நால்வர் கேட்க, “பணத்துக்காகவே குறையை வளர்க்கிறாய்” என்று சொல்லிவிட்டோம். அவர் தலைகுனிந்து நின்றார். மறுநாள் காலையில் வீட்டு வாசலுக்கு வந்து, “ஹஜ்ரத், ஷெட்டுல வச்சுப் பார்த்தா தெரியாது. அது நிக்கிற எடத்துல பார்க்கணும். நானும் கூட வாரேன்” என்றார்.

வழக்கமான இடத்தில் கார் நின்றது. அவர் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் உலோகத்தில் ஒட்டிப் பிடித்து, நம்மை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நீலப்பொறி பளிச்சென்று பாய்ந்தது. பொறியில் குறையில்லை. பின்னர் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றினார். பெட்ரோல் சொட்டுக்கூட வரவில்லை. தொட்டியிலோ பாதிக்குமேல் இருந்தது. சற்று நேரம் சிந்தித்துவிட்டு, பின்புறம் சென்று தொட்டியின் மூடியைத் திறந்தார். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அடுத்த நிமிடமே குழாயில் பெட்ரோல் வந்தது, காரும் ஓடியது.

தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்று வேண்டும். பல பழைய கார்களில் அதற்கென மூடியில் சிறு துளை உண்டு. துளையில்லாவிடில் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பின் இழுப்பைத் தடுத்துவிடும். பெட்ரோலும் காற்றும் எடையளவில் ஒன்றுக்குப் பதினைந்து என்னும் அளவையொட்டிக் கலந்தால்தான் நன்கு எரியும். பெட்ரோல் மிகக் குறைந்தால் எஞ்சின் இருமிப் பின் அடங்கும். நின்றபின் காற்று மெல்லக் கசிந்து புகுவதால் மீண்டும் உயிர் பெறும்.

“இந்த மூடி எப்ப மாட்டினது, ஹஜ்ரத்?” என்று கேட்டார். நமக்கு நா எழவில்லை. யாரோ பெட்ரோலைத் திருடுகின்றனர் என்று ஐயுற்று, பூட்டுள்ள மூடியொன்றை வாங்கி மாட்டியவர் நாமே. பெட்ரோல் நிரப்பும் இடங்களில் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டு அமர்ந்திருந்தமையால், அந்த ‘உஸ்’ ஒலி ஒருமுறையும் நம் காதில் விழவில்லை.

வந்து வந்து போகும் குறைக்கு அவர் சொன்ன வழி எளியது. சூடேறிய பின்னா, மழையிலா, ஏற்றத்திலா, எத்தனை கிலோமீட்டரில் எனக் குறித்து வைக்க வேண்டும். சூட்டில் நின்றால் காயிலையும், ஈரத்தில் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் வயர்களையும் முதலில் ஐயுறலாம். நின்ற இடத்திலேயே பொறியா, பெட்ரோலா எனப் பிரித்தறிய வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றலாகாது. முந்திய நாட்களில் தாமும் இதனை மறந்து பாகங்களை மாற்றியதாக அவரே ஒப்புக்கொண்டார்.

அன்று மாலையே பட்டறைக்குச் சென்று, முன்னர்க் கேட்டிருந்த நால்வரையும் வரவழைத்து, அவர்கள் கேட்கவே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். “விடுங்க ஹஜ்ரத்” என்று சொல்லி, துளையுள்ள வேறொரு மூடியை மாட்டி, அதற்குரிய கூலியை வாங்கிக்கொண்டார். பூட்டு மூடி இன்றும் நாம் பாடம் நடத்தும் மேசைமேல் இருக்கிறது. யார்மீதேனும் குற்றம் சொல்ல எண்ணும்போது அதனைக் கையிலெடுத்துப் பார்த்துக்கொள்கிறோம்.