கணக்கில் வராத மணிகள்

மஃரிபு தொழுதுவிட்டு வீடு திரும்பிய வேளையில் தொலைபேசி ஒலித்தது. டொரொன்டோவிலிருந்து என் ராத்தாவின் மகன். ஸலாம் சொன்னவன் குரலில் உயிரில்லை.

"மாமா, நான் பார்த்த வேலையில் ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் வராதாம்" என்றான்.

ஈராண்டுப் படிப்பிற்காகக் கனடா சென்றவன் அவன். கணக்கர் அலுவலகம் ஒன்றில் வாரம் 15 மணி நேரம், விடுமுறையிலும் விடாது, பேரேடு எழுதினான், ஊதியம் பெற்றான், வரியும் செலுத்தினான். ஈராண்டில் 1,560 மணி நேரம். அந்நாடு 2015-இல் தொடங்கிய 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' முறையில், கனடிய அனுபவப் பிரிவு கேட்பதும் சரியாக அதே 1,560தான். ஆயினும், முழுநேர மாணவராயிருந்த காலத்தில் செய்த வேலையை அப்பிரிவு ஏற்பதில்லை. இங்கிருந்து அனுப்பிவைத்த முகவரோ "எல்லாம் சேரும்" என்று சொல்லியிருந்தார். படிக்க வந்தவன் படிக்கவே வந்தான் என்று ஓர் அரசு கருதுவதில் தவறு காண என்னால் இயலவில்லை. விமானம் ஏறுமுன் அதனை அவனுக்குச் சொல்லாததே தவறு.

மற்றொரு வழி இருந்தது. கூட்டாட்சித் திறன்மிகு பணியாளர் பிரிவு, ஊதியம் பெற்றுத் தொடர்ச்சியாகச் செய்த திறன்சார் பணியாயின், மாணவப் பருவ வேலையையும் ஏற்கக்கூடும். ஆனால் 100-க்கு 67 புள்ளிகள் வேண்டும். தகுதியான வேலை அழைப்பு இல்லாதோர் குடியேறும் செலவிற்குக் கைப்பணமும் காட்ட வேண்டும்.

"என் நகையை அடகு வைக்கிறேன் தம்பி" என்றார் ராத்தா. கடன் வாங்கிய பணம் அங்கே செல்லாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

அவனுடைய வருத்தம் எனக்குப் புதிதன்று. 2004-இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பகலில் பயின்றுகொண்டே, மாலைக் கல்லூரியொன்றில் இலக்கணம் நடத்தினேன். பின்னர் நேர்காணல் ஒன்றில், சான்றிதழைப் புரட்டிய பெரியவர் அவ்வாண்டின்மீது சிவப்பு மையால் கோடிட்டார். "படித்த காலமல்லவா?" என்றார். நான் நடத்திய புணர்ச்சி விதிகளெல்லாம் அக்கோட்டின் கீழ் போயின. விடுப்பெடுக்காமல் கற்பித்துக்கொண்டே ஆய்வுப்பட்டம் பயின்ற காலத்தை அனுபவமாகக் கொள்ளலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதி வகுத்தது. எனக்கு அது காலங்கடந்த செய்தி.

படிப்பு முடித்தோருக்கான பணி அனுமதி பெற்று, அதே அலுவலகத்தில் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டான் மருமகன். அதே மேசை, அதே பேரேடு. சென்ற வெள்ளியன்று மீண்டும் அழைத்தான்.

"மாமா, முதல் வாரம் முடிந்தது. முப்பது மணி நேரம்" என்றான்.

"மீதி ஆயிரத்து ஐந்நூற்று முப்பது" என்றேன்.

பின்னால் ராத்தா, "சாப்பிட்டானா கேள்" என்றார்.