தூய்மைக்குத் தண்ணீரே போதும்



துணி துவைக்கும் வெந்நீரைப் பற்றி மதரஸா ஆசிரியர் ஒருவர் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். தொழுகையோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதாலேயே எழுதுகிறேன்.

தீர்த்தமலையில் எங்கள் மக்தபுக்குப் பிள்ளையை அழைத்துவரும் தாய் ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: “ஹஜ்ரத், கரண்ட் இல்லாத நாளில் வெந்நீர் வைக்க முடிவதில்லை. கைக்குழந்தையின் சிறுநீர் பட்ட சேலையைப் பச்சைத் தண்ணீரில் அலசினால் மனம் ஒப்பவில்லை. அதனால் லுஹர் களாவாகிவிடுகிறது. என்ன செய்வது?” வெந்நீர் இல்லாத காரணத்தால் ஒரு ஃபர்ளு தவறிப்போகிறது. இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன?

மார்க்கம் சட்டத்தை எளிதாகவே வைத்திருக்கிறது. ஆடையில் பட்ட மாதவிடாய் இரத்தத்தைப் பற்றி ஒரு பெண்மணி கேட்டபோது, அதைச் சுரண்டி, நீர் விட்டுத் தேய்த்து, அலசிவிட்டு, அந்த ஆடையிலேயே தொழலாம் என்ற பொருள்பட நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அதில் சூடான நீர் என்ற பேச்சே இல்லை. ஹனஃபி சட்டநூல்கள் இன்னும் ஒரு படி சென்று விளக்குகின்றன. கண்ணுக்குத் தெரியும் நஜீஸை நீங்கும்வரை கழுவ வேண்டும். அதன் பிறகும் போகாத நிறமோ வாடையோ எஞ்சினால், அதைப் போக்க வெந்நீரையோ சோப்பையோ தேட வேண்டிய கட்டாயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத நஜீஸாக இருந்தால் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிந்தால் போதும்.

அனுபவமும் இதையே சொல்கிறது. இரத்தம், பால், முட்டை போன்றவற்றின் கறையில் புரதம் இருக்கிறது. சூடு பட்டால் முட்டை கெட்டியாவதைப் போல, வெந்நீர் பட்ட இரத்தக் கறையும் நூலிழையில் இறுகிவிடும். அதைப் பச்சைத் தண்ணீரில் அலசுவதே சரியான முறை. முற்காலத்தில் உவர்மண்ணோடு வெள்ளாவி வைத்து வெளுத்தார்கள். அன்று கையில் இருந்த பொருள்களுக்கு அந்த ஆவி தேவைப்பட்டது. இன்றைய சலவைத்தூள் பலவற்றில் கறையைச் சிதைக்கும் நொதிகள் சேர்க்கப்படுகின்றன. அவை 30, 40 டிகிரியிலேயே நன்றாக வேலை செய்கின்றன.

சலவை இயந்திரத்தில் காணும் 60, 90 என்ற எண்கள் ஐரோப்பியப் பழக்கத்திலிருந்து வந்தவை. குளிர்நாட்டுக் குழாயில் பனிபோன்ற நீர் வருவதால் அங்கே அதைச் சூடாக்கித் துவைத்தார்கள். இன்று அங்கேயே 30 டிகிரி போதும் என்று மக்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கோடைப் பகலில் வரும் நீர் தானாகவே அந்தச் சூட்டில் இருக்கிறது. அல்லாஹ் இலவசமாகத் தந்த வெப்பம் அது.

செலவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் வாளி நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 700 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோகலோரி. ஆக, ஒரு வாளிக்கு 0.8 யூனிட்டுக்குச் சற்று மேல். நாள்தோறும் ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 49 யூனிட். 2016ஆம் ஆண்டு தமிழக அரசு வீடுகளுக்கு அறிவித்த இருமாத இலவச மின்சாரமே 100 யூனிட்தான். அதில் பாதி, துணிக்கான வெந்நீரிலேயே கரைந்துவிடுகிறது. இயந்திரத்தைச் சுழற்றும் மோட்டாருக்கு ஆகும் மின்சாரம் இதற்கு முன் மிகச் சிறிது.

தர்மபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்பு மிகுந்தது. அதைச் சூடாக்கும்போது ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. படிவு தடிக்கத் தடிக்கக் கம்பி தன் சூட்டை நீருக்கு விரைவாகத் தர முடியாமல் சீக்கிரமே பழுதாகிவிடும். கரண்ட் பில்லோடு கம்பியின் விலையும் சேர்ந்துகொள்கிறது.

வெந்நீர் தேவைப்படும் நேரமும் உண்டு. வீட்டிலோ விடுதியிலோ ஒருவருக்குச் சொறிசிரங்கு வந்தால், அவருடைய உடை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். அந்தச் சூடு சிரங்குப் பூச்சியைக் கொல்லும். வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டவரின் துணிகளுக்கும் வெந்நீர் நல்லது. இது நோய்த் தடுப்புக்காகச் செய்யும் செலவு. தேவைக்குச் செலவிடுவது இஸ்ராஃப் ஆகாது. தேவையில்லாமல் கொதிக்க வைப்பதே இஸ்ராஃப். ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்த நபியின் உம்மத் நாம். நீரில் சிக்கனம் காட்டச் சொன்ன மார்க்கம் நெருப்பில் மட்டும் தாராளம் காட்டச் சொல்லுமா?

அந்தத் தாய்க்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். நஜீஸ் பட்ட துணியை மற்றவற்றோடு கலக்காமல், காயும் முன்பே ஓடும் குழாய் நீரில் தனியாக அலசிப் பிழியுங்கள். மூன்று முறை அவ்வாறு செய்த பின் மற்றத் துணிகளோடு பச்சைத் தண்ணீரிலேயே துவைத்து வெயிலில் போடுங்கள். அந்த ஆடை தொழுகைக்குத் தகுதியானது. அதன் பிறகும் “சுத்தமாகியிருக்குமா?” என்று உள்ளத்தில் எழும் கேள்வி வஸ்வாஸ். அதற்குச் செவி கொடுக்காமல், பாங்கு ஒலித்ததும் தக்பீர் கட்டுங்கள். வெந்நீரில் மிச்சமாகும் சில ரூபாய்களைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பள்ளிவாசல் உண்டியலில் போடச் சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உடலையும் உடையையும் உள்ளத்தையும் தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.