மைக்குள் ஒரு வெண்வட்டம்

மை என்றவுடன் இலக்கியம் பயின்ற நமக்குக் கண்மையும் எழுதுமையுமே நினைவுக்கு வரும். ஆய்வுக்கூடத்திலும் ஒரு மை உண்டு. இந்தியா இங்க் என்பார்கள். எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவரின் தண்டுவட நீரில் இக்கரிய மையைக் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தால், இருண்ட பரப்பில் விண்மீன்கள்போல் வெண்வட்டங்கள் தெரியக்கூடும். கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையின் உறை அது. அழகிய காட்சிதான், ஆயின், மூளையுறையைத் தொற்று பற்றிவிட்டது என்பதன் அறிவிப்பு.

மண்ணிலும் புறாவின் எச்சத்திலும் வாழும் இப்பூஞ்சையை நாமும் மூச்சோடு உள்ளிழுத்திருப்போம். உடல் அதனை அடக்கிவிடுகிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் சி.டி.4 அணுக்கள் 100க்கும் கீழே இறங்கியவரிடத்தில்தான் அது பெரும்பாலும் மூளைவரை ஏறுகிறது. வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி. பிறகு நினைவுத் தடுமாற்றம்.

நமக்கு வேண்டிய குடும்பமொன்றில் ஒருவர் இவ்வாறு படுத்தார். முதுகில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் மூன்று நாள் கையெழுத்திட மறுத்தனர். அவர் பிழைக்கவில்லை. உடனே குத்தியிருந்தால் பிழைத்திருப்பார் என்று நாம் அறுதியிட்டுக் கூற இயலாது. எனினும் அந்த அச்சத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். ஊசி இறங்குவது தண்டுவடம் முடியும் இடத்துக்கும் கீழே. அது சோதனை மட்டுமன்று, சிகிச்சையும்கூட. மண்டைக்குள் ஏறிய அழுத்தத்தை அந்நீரை வடித்தே தணிக்கிறார்கள், சிலருக்கு நாள்தோறும்.

இன்று விரல்நுனிக் குருதியிலேயே சில நிமிடங்களில் இப்பூஞ்சையின் தடயத்தைக் காட்டும் பட்டைச் சோதனை வந்துவிட்டது. ஆம்போடெரிசினை இரு வாரம் நரம்பில் ஏற்றிச் சிறுநீரகம் தளர்ந்த நிலையும் மாறியிருக்கிறது. போட்ஸ்வானா, மலாவி, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் நடந்த ஆய்வொன்று, கொழுப்புறையிட்ட அம்மருந்தை ஒரே பெருந்தவணையாகக் கொடுத்து, ஃப்ளூசைட்டோசின், ஃப்ளூகோனசோல் மாத்திரைகளை இரு வாரம் தொடர்வது பழைய முறைக்குக் குறைந்ததன்று என 2022இல் காட்டியது. அவ்வாண்டே உலக சுகாதார நிறுவனமும் அதனைப் பரிந்துரைத்தது. எச்.ஐ.வி. மருந்தைப் புதிதாகத் தொடங்குவோர் மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்தாக வேண்டும். முந்தினால், மீண்டெழும் எதிர்ப்பாற்றலே உயிருக்கு உலையாகலாம்.

ஆகவே நண்பர்களே, தொற்றுள்ள ஒருவர் தலைவலி நீங்கவில்லை என்றால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். முதுகில் ஊசி என்று மருத்துவர் சொன்னால், கால் போகுமா என்று அவரிடமே கேளுங்கள். அண்டை வீட்டாரிடம் கேட்க வேண்டாம்.