எந்த மருந்து வாங்குவது?

என்னுடைய தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் ரிவால்வரை எடுத்து வில்லனை ஏழு தடவை சுட்டுவிட்டான். அடுத்த வாரமே ஒரு வாசகர் கடிதம் எழுதினார்: “தங்கள் கதாநாயகன் வைத்திருப்பது ஆறு தோட்டா ரிவால்வர் என்று மூன்றாம் அத்தியாயத்தில் படித்ததாக ஞாபகம். ஏழாவது தோட்டாவைத் தாங்கள்தான் எடுத்துக் கொடுத்தீர்களா?” துப்பாக்கி விஷயத்தில் என் ஞானம் அவ்வளவுதான். ஆகவே, அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தில் டூசான் நகரில் இருக்கும் என் மருமானிடம் சில வருஷங்களுக்கு முன் தங்கப் போனபோது, அவன் தோட்டா தயாரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குப் பரம சந்தோஷம்.

வாசகர்கள் திடுக்கிட வேண்டாம். அந்த ஊரில் இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து சுத்தம் செய்து, அடியில் புதிய பிரைமரைப் பொருத்தி, மருந்தை அளந்து போட்டு, வாயில் ஈயக் குண்டை அமுக்கி மூடுகிறார்கள். ஏறக்குறைய நம் வீடுகளில் அப்பளம் இடுகிற மாதிரிதான். கடையில் வாங்குவதைவிடச் சல்லிசு; அத்துடன் ‘நம் கையால் செய்தது’ என்ற பெருமை வேறு.

மருமான் வைத்திருந்தது .357 மாக்னம். மாக்னம் என்றால் லத்தீன் பாஷையில் ‘பெரியது’; ஷாம்பேன் பானத்தின் பெரிய புட்டிக்கும் அதே பெயர்தான். 1935-ல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் இந்த ரகத்தை வெளியிட்டார்கள். ஏற்கெனவே இருந்த .38 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டையே எடுத்து, ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீட்டிவிட்டார்கள். பழைய, பலம் குறைந்த துப்பாக்கியில் தப்பித் தவறி நுழைந்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த .38 கூடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கருமருந்துக் காலத்தில் அளவெடுத்தது. கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்த கருமருந்துக்கு நிறைய இடம் வேண்டும். 1884-ல் பிரான்ஸ் தேசத்தில் போல் வியேல் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்த பிறகு, கொஞ்சம் மருந்தே போதும் என்று ஆயிற்று. ஆனால் கூடு மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. பெரிய கூட்டுக் குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் புருஷனும் மனைவியும் மட்டும் குடியிருக்கிற மாதிரி, உள்ளே பாதிக்கு மேல் காலி. அந்தக் காலி இடம்தான் பொல்லாதது. ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சனிக்கிழமை மருந்து வாங்கக் கிளம்பினோம். கடை அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. மருமான் நேராக ‘எச் 110’ என்ற டப்பாவிடம் போனான். மாக்னம் தோட்டாவுக்கு முழு வேகம் கொடுப்பது அது என்று எங்கோ படித்திருக்கிறான். கடைக்காரர் பழுத்த கிழவர். தலையை ஆட்டினார்.

“தம்பி, புதிதாகச் செய்கிறவன் புத்தகத்தில் போட்டிருக்கும் குறைந்த அளவில் ஆரம்பித்து, சிறுகச் சிறுக ஏற வேண்டும். இந்த மருந்து கீழே இறங்க இடம் தராது. ரொம்பக் குறைத்துப் போட்டால் சரியாகப் பற்றாமல் குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் போய்விடும்” என்றார். பிறகு ‘2400’ என்று எண் போட்ட ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். 1930-களில் ஹெர்குலிஸ் கம்பெனி கொண்டுவந்த சரக்கு. ஐடாஹோ மாநிலத்துப் பெரிய தொப்பிக்காரர் எல்மர் கீத் தம் பெரிய தோட்டாக்களுக்கு இதைத்தான் போட்டுப் பார்த்துப் பார்த்து, 1955-ல்.44 மாக்னம் பிறக்கக் காரணமாக இருந்தார் என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தார்.

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். “ஒரு பவுண்டில் எத்தனை தோட்டா வரும்?” என்று கேட்டேன். தஞ்சாவூர் ஜில்லாக்காரன் எங்கே போனாலும் கேட்கிற கேள்வி. மருந்தை அளப்பது கிரெயின் கணக்கில். ஒரு கிரெயின் நம் குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி. பவுண்டுக்கு 7,000 கிரெயின். பக்கத்திலேயே வேகமாக எரியும் ரகம் ஒன்று இருந்தது. அதன் பெயர் வேண்டாம், தவறு அதனுடையதல்ல. அதில் ஒரு தோட்டாவுக்கு 2400-ல் போடுவதில் பாதிகூட வேண்டாமாம். விலையோ ஏறக்குறைய ஒன்றுதான்.

“அப்புறம் என்னடா யோசனை? இதையே வாங்கு” என்றேன்.

கிழவர் என்னைப் பார்த்தார். “அது நல்ல மருந்துதான். ஆனால் தவறு செய்தால் அது சொல்லாது” என்றார். எனக்கு அர்த்தமாகவில்லை. மருமான் பெரியவன் பேச்சைத் தட்டாத பிள்ளை. நான் சொன்னதையே வாங்கிவிட்டான்.

வேகம், மெதுவு என்பதெல்லாம் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் நடக்கிற வியவகாரம். வேகமான மருந்து குண்டை ஓர் அறை அறைகிறது. மெதுவான மருந்து அதன் முதுகில் கை வைத்துக் குழாய் நெடுகத் தள்ளிக்கொண்டு போகிறது. உள்ளே எழும் அமுக்கம் ஒரே அளவானாலும் தள்ளுகிறவனே குண்டை அதிக வேகத்தோடு வெளியேற்றுகிறான்.

அன்றிரவு வேலை ஆரம்பமாயிற்று. மரப்பலகைத் துளைகளில் 50 கூடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றாக மருந்து போட்டுக்கொண்டு போனான். நான் சும்மா இருக்கவில்லை. அடுத்த நாவலின் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதாநாயகி ரயிலைத் தவறவிடுகிற கட்டத்தில் டெலிபோன் அடித்தது. கும்பகோணத்திலிருந்து என் தங்கை.

“மருந்து வாங்கப் போனீங்களாமே, அண்ணா? உடம்புக்கு என்ன?” என்றாள்.

அவளுக்கு விளக்கிச் சொல்லிச் சிரித்து ஓய்வதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. மருமான் மறுபடி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். விட்ட இடம் என்று அவன் நினைத்த இடத்திலிருந்து.

50-ம் முடிந்ததும் டார்ச்சு விளக்கை எடுத்து, குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தான். புத்தகம் சொன்ன விதி. பாதிப் பலகை தாண்டியதும் அவன் கை நின்றது.

“மாமா, இங்கே வந்து பாருங்க.”

பார்த்தேன். மற்றக் கூடுகளில் மருந்து அடியில் ஒரு சிட்டிகை போலக் கிடந்தது. அந்த ஒன்றில் மட்டும் சற்று மேலே தெரிந்தது. இரண்டு தடவை விழுந்திருக்கிறது. அதற்கு மேலும் இடம் தாராளமாக இருந்தது. குண்டை வைத்து அமுக்கியிருந்தால் வெளியே பார்க்க மற்ற 49-ஐப் போலவே இருந்திருக்கும். சுடும்போது சுழலும் உருளை பிளந்துகொண்டு போகும். ரிவால்வரைப் பிடித்திருக்கும் கைக்கு மேலே இரண்டு அடி தூரத்தில் அவனுடைய கண்கள் இருக்கும்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. 50 கூடுகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, மருந்தை அதன் டப்பாவிலேயே கொட்டினான். எனக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. என் சிக்கனம் ஒரு பக்கம், என் கதாநாயகி ஒரு பக்கம். கும்பகோணத்தில் தங்கை இன்னும் சிரித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

மறுநாள் கடை திறக்குமுன்பே வாசலில் நின்றோம். மருமான் 2400 டப்பா ஒன்று கேட்டான். காசை நான் கொடுத்தேன். கிழவர் விவரம் எதுவும் விசாரிக்கவில்லை; மேஜைமேல் ஒரு சமயத்தில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும், இரண்டு மருந்தைக் கலக்கவே கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் மருமான் ஒரு பரீட்சை செய்தான். பிரைமர் இல்லாத வெறும் கூட்டில், அடியை விரலால் பொத்திக்கொண்டு, ஒரு தோட்டாவுக்கான அளவைப் போட்டான். பாதிக்கு மேல் நிரம்பிற்று. இன்னொரு அளவையும் போட்டான். கூடு ததும்பி, மருந்து மேஜைமேல் சிந்திற்று. இருவரும் அந்தக் குவியலைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பழைய டப்பாவை இறுக மூடி, தேதி எழுதி, அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டான். அன்று மாலை கார்க் கொட்டகைக் கதவில் தமிழில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: ‘மருந்து போடும்போது மாமா உள்ளே வரக் கூடாது.’ நான் வெளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே இரண்டு கைகளையும் தூக்கி நின்ற ஒரு பெரிய சாகுவாரோ கள்ளியிடம் மீதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.